பைபர் போட்ல நாலு ராடு: நம்ம டெல்டா கடலுக்கு ட்ரோலிங் செட் பண்றது எப்படி, முழுமையான வழிகாட்டி

ட்ரோலிங்னா ஓடுற போட்டுக்குப் பின்னாடி தூண்டிலை இழுத்துட்டே போய் மீன் பிடிக்கிறது. போன மாசியில தரங்கம்பாடிக்கு நேர் கிழக்க நாலு ராடு போட்டு இழுத்துட்டு போனோம். எல்லாம் நல்ல ராடு, காசு சேத்து சேத்து வாங்குனது. முதல் திருப்பத்துலயே நாலு நரம்பும் ஒன்னா முறுக்கிக்கிச்சு, பிரிச்சு எடுக்க ஒரு மணி நேரம் போச்சு. அந்த நேரத்துல எங்களுக்கு வடக்க ஓடிட்டிருந்த ஒரு போட், வெறும் கையில ரெண்டு தங்கூசி (ஒத்தை இழை நைலான்) நரம்பு, நுனியில சேவல் இறகு, அவ்வளவுதான், மூணு வஞ்சிரம் ஏத்திட்டாங்க. அமரத்துல, அதாவது போட்டோட பின்பக்கம், உக்காந்து இன்ஜின் புடிச்சிருந்த மாமா கோவப்படல, "மாப்ள, எது எங்க நிக்குதுன்னு தெரியாம நாலு எதுக்குடா, ஒன்னு போதுமே"ன்னு மட்டும் சொன்னாரு.

அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அதுக்கப்புறம் அந்த ஒரு கேள்வியை வெச்சுத்தான் எல்லாத்தையும் மாத்தினேன், எது எங்க நிக்குது, எவ்வளவு தூரத்துல, எவ்வளவு ஆழத்துல, எவ்வளவு இழுத்தா அவுறும். இந்த நாலுக்கும் பதில் கரையிலயே தெரிஞ்சிருந்தா சாதாரண ராடுலயும் மீன் வரும். கீழ எழுதுறது பழையாறுல இருந்து வேதாரண்யம் வரைக்கும் நம்ம பக்கம் ஓடுற பைபர் போட்டுக்காக, வெளிநாட்டு வீடியோவுல வர்ற பெரிய போட்டுக்கு இல்ல. அங்க காட்டுறதை அப்படியே இங்க செஞ்சா என்ன ஆகும்னுதான் மேல சொல்லிட்டேனே.

முதல்ல போட்டைப் பாருங்க, ராடை அப்புறம் பாக்கலாம்

2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையில கட்டுமரம் கொறைஞ்சு பைபர் போட் நெறைஞ்சிடுச்சு. அதுல நெறைய போட்டுக்கு லாங் டெயில் டீசல் இன்ஜின்தான். இந்த லாங் டெயில்தான் ட்ரோலிங்குக்கு பெரிய விஷயம், யாரும் இதை எழுதுறதில்ல. அவுட்போர்டு இன்ஜின்ல விசிறி போட்டுக்கு அடியிலயே சுத்தும், லாங் டெயில்ல விசிறி அமரத்துக்குப் பின்னாடி நல்லா தள்ளி நீண்டு போய் சுத்துது. அதனால அமரத்து மூலையில ராடு சொருகி நேரா பின்னாடி நரம்பை விட்டீங்கன்னா, திருப்புறப்போ நரம்பு நேரா விசிறிக்குள்ள போகும். போதாததுக்கு ஸ்டியரிங் புடிக்கிறவரு கைப்பிடிய இடது வலது ஆட்டணும், அந்த இடத்துல ராடு நின்னா அவருக்கு முழங்கை இடிக்கும், அவசரத்துல திருப்ப முடியாது.

அதனால முதல் வேலை, போட் மணல்ல நிக்கும்போதே இன்ஜின் கைப்பிடிய முழுசா இடது, முழுசா வலதுன்னு திருப்பிப் பாத்து அது எங்க வரைக்கும் வருதுன்னு சாக்பீஸ்ல கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு முன்னாடி, அதாவது அணியம் பக்கமா ஒரு முழமாவது தள்ளித்தான் முதல் ராடு நிக்கணும். என் மாமா போட்ல அது அமரத்துல இருந்து கிட்டத்தட்ட அஞ்சு அடி உள்ள வந்துச்சு. அங்க இருந்து ராடு வெளிப்பக்கமா சாஞ்சு, நுனி தண்ணிக்கு மேல நீண்டு நின்னா நரம்பு விசிறிய விட்டு விலகித்தான் போகும்.

ஹோல்டர்

கடையில விக்கிற ஸ்டெயின்லெஸ் ஹோல்டர் வாங்குறவங்க 316 கிரேடு கேட்டு வாங்குங்க, உப்புத் தண்ணிக்கு அதுதான் தாங்கும். பைபர் விளிம்புல ஓட்டை போட்டா அடியில மரைன் பிளைவுட் துண்டு ஒன்னு வெச்சு, போல்ட் நட் போட்டு முறுக்கணும், வெறும் ஸ்குரூ அடிச்சா ஒரு நல்ல பாறை மீன் அடிச்சதுமே பைபரோட பேத்துக்கிட்டு போயிடும். ஓட்டையைச் சுத்தி சீலன்ட் தடவாம விட்டீங்கன்னா பைபருக்குள்ள தண்ணி எறங்கும், அது வெளியில தெரியாது, ரெண்டு வருஷம் கழிச்சு விளிம்பு மெத்து மெத்துன்னு ஆகும்போதுதான் தெரியும்.

சொந்த போட் இல்லாதவங்களுக்கு, எனக்கும் சொந்த போட் இல்ல, ஓட்டை போடாம ஒரு வழி இருக்கு. போட்டோட அகலத்தை விட ரெண்டு பக்கமும் அரை அடி நீளமா ஒரு தடிச்ச பலகை எடுத்து, குறுக்குப் பலகை மேல வெச்சு ரெண்டு பக்கமும் கயித்தால இறுக்கிக் கட்டிடுங்க. அந்தப் பலகையில பிவிசி குழாய, ராடோட அடிப்பிடி லூசா உள்ள போற சைஸு, ஒன்னேகால் அடி நீளத்துக்கு வெட்டி யூ கிளாம்ப் போட்டு பிடிங்க. குழாய்க்குள்ள அடியில குறுக்க ஒரு போல்ட் விடணும், ரீலோட ராடு சுத்தாம நிக்க அது வேணும். பெரும்பாலான ட்ரோலிங் ராடோட அடியில பிளஸ் மாதிரி ஒரு வெட்டு இருக்குமே, அது இந்த போல்ட்ல உக்காரத்தான். உள்பக்கம் ரெண்டு குழாய் கொஞ்சம் படுத்த மாதிரி, தண்ணிய நோக்கி. வெளிப்பக்கம் ரெண்டும் நல்லா வெளிய சாஞ்ச மாதிரி.

ஒவ்வொரு ராடுக்கும் ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டாயம். ரீல்ல மேல ரெண்டு வளையம் இருந்தா அதுல, இல்லன்னா ரீல் சீட்டுல. ஒரு ராடு என் கண்ணு முன்னாடியே தண்ணிக்குள்ள போனது இன்னும் மனசுல இருக்கு, டிராக்கை (ரீல் நரம்பை விட்டுக் குடுக்குற இறுக்கம்) இறுக்கி வெச்சிட்டு டீ குடிச்சிட்டிருந்தோம், ஒரே இழுப்பு, குழாயோட போச்சு.

மூங்கில்

நாலு ராடு நரம்பும் ஒன்னோட ஒன்னு சிக்காம இருக்கணும்னா வெளி ரெண்டும் போட்டை விட்டு தள்ளிப் போகணும். பெரிய போட்ல அதுக்கு அலுமினிய அவுட்ரிக்கர். நமக்கு மூங்கில் இருக்கு, அது வளையும், அடிச்சா அதிர்ச்சிய வாங்கிக்கும், ஒடிஞ்சா வேற வெட்டிக்கலாம், எனக்கு அலுமினியத்தை விட இதுதான் மனசுக்கு பிடிச்சது. நல்லா முத்தின, காஞ்ச மூங்கில், பன்னெண்டுல இருந்து பதினாலு அடி. அடிப்பக்கத்தை போட் நடுவுல குறுக்குப் பலகையில ஒரு கட்டு, விளிம்புல ஒரு கட்டு, ஆக ரெண்டு கட்டு, ஒரே கட்டுல விட்டா ஊசலாடும்.

நுனியில ஒரு சின்ன வளையம் கட்டி, அதுக்குள்ள மெல்லிய நைலான் கயிறு ஒன்னை கொடி ஏத்துற மாதிரி வட்டமா ஓட விடுங்க. அந்தக் கயித்துல ஒரு துணி கிளிப். ராடோட நரம்பை கிளிப்புல கவ்வ வெச்சு கயித்தை இழுத்தா கிளிப் மூங்கில் நுனிக்குப் போயிடும், மீன் அடிச்சா நரம்பு கிளிப்பை விட்டு பட்டுன்னு விடுபடும். கிளிப்போட ஸ்பிரிங் லூசா இருந்தா மேல ஒரு ரப்பர் பேண்ட் சுத்துங்க. எவ்வளவு இறுக்கம்னா, தூண்டில் தண்ணில ஓடும்போது விடக்கூடாது, கையால ஒரு வெட்டு வெட்டி இழுத்தா விடணும். விட்டதும் நரம்பு கொஞ்சம் தொய்யும், செத்த மீன் இரைக்கு அந்தத் தொய்வு நல்லது, மீன் வாயில வெச்சு முழுங்க நேரம் கிடைக்கும். பிளாஸ்டிக் தூண்டில் மீனுக்கு அந்தத் தொய்வு கெடுதல், துப்பிடும், அதனால அப்போ ராடு நுனிக்கும் கிளிப்புக்கும் நடுவுல நரம்பை விறைப்பா வையுங்க.

ராடும் ரீலும்

இதுக்கு மேல அதிகம் பேச வேண்டாம். ஆறு அடி, சுமாரா 30லேர்ந்து 50 பவுண்டு கிளாஸ் ராடு, நுனி கொஞ்சம் வளையணும், அடி உறுதியா இருக்கணும். கரையில நின்னு வீசுற நீள ராடு இங்க வேண்டாம். ரீல் பெரிசா சுத்துற ஓவர்ஹெட் ரீலா இருந்தா நல்லது, இல்லன்னா 8000, 10000 சைஸ் ஸ்பின்னிங் ரீலும் வேலை செய்யும். 300 மீட்டர் நரம்பு பிடிக்கணும், அதுக்கு கொறையாம பாத்துக்கோங்க. ராடு வளையங்கள் ஒவ்வொன்னுக்குள்ளயும் கொஞ்சம் பஞ்சை விட்டு உருட்டுங்க, பஞ்சு எங்க மாட்டுதோ அங்க வெடிப்பு இருக்கு, அந்த வெடிப்பு நரம்பை அறுத்துடும்.

நரம்பு

ரீல்ல பிரெய்டு நரம்பு, அதாவது பின்னின நரம்பு, 50 பவுண்டு. பிரெய்டை வெறும் ரீல் தண்டுல சுத்தினா வழுக்கிக்கிட்டு சுத்தும், நீங்க டிராக் வழுக்குதுன்னு நெனைப்பீங்க, அதனால முதல்ல பத்து பதினஞ்சு சுத்து சாதா தங்கூசி போட்டு அதுல பிரெய்டை கட்டுங்க. பிரெய்டு கொஞ்சம் கூட நீளாது, போட் ஓடிட்டே இருக்கும்போது வஞ்சிரம் வேகமா வந்து அடிச்சா அந்த அதிர்ச்சி எல்லாம் தூண்டில் முள்ளுலதான் இறங்கும், வாய் கிழிஞ்சு போயிடும். அதுக்குத்தான் பிரெய்டோட நுனியில 40 பவுண்டு தங்கூசி ஒரு 40, 50 மீட்டர் சேக்கணும், அது நீண்டு குடுக்கும். ரெண்டையும் சேக்க எஃப்ஜி முடிச்சு நல்லது, மெலிசா இருக்கும், வளையத்துல தட்டாது. எஃப்ஜி வரலைன்னா டபுள் யூனி போடுங்க, ஆனா போட்ல ஆடிட்டே கத்துக்கலாம்னு நெனைக்காதீங்க, வீட்டுல ஃபேனுக்கு அடியில உக்காந்து இருபது தடவை போட்டுப் பாருங்க. முடிச்சை இறுக்குறப்போ எச்சில் தொட்டு ஈரமாக்கணும், காஞ்ச தங்கூசி உரசுன சூட்டுலயே பலம் போயிடும்.

வயர்

வஞ்சிரம், சீலா, ரெண்டுக்கும் பல்லு கத்தி. தங்கூசிய எவ்வளவு தடியா போட்டாலும் ஒரு கடியில போகும். அதனால தூண்டிலுக்கு முன்னாடி ஒரு முழம் ஒத்தைக் கம்பி வயர், 6 இல்ல 7 நம்பர். முடிச்சு போட வராது, முறுக்கணும். தூண்டில் வளையத்துல வயரை விட்டு மடக்கி, ரெண்டு கம்பியையும் சம அளவு சாச்சு ஒன்னை ஒன்னு சுத்துற மாதிரி அஞ்சாறு முறுக்கு, ஒன்னு நேரா நின்னு இன்னொன்னு மட்டும் அதை சுத்தினா அது தப்பு, இழுக்கும்போது உருவிக்கும். அப்புறம் மீதிக் கம்பியை செங்குத்தா மடக்கி நெருக்கமா அஞ்சாறு சுத்து. கடைசில கட்டிங் பிளேயரால வெட்டாதீங்க, வெட்டின முனை ஊசி மாதிரி நின்னு கையை கிழிக்கும். முனையை ஒரு கைப்பிடி மாதிரி மடக்கி முன்னும் பின்னும் ஆட்டினா சுத்தமா ஒடிஞ்சு வந்துடும்.

வயரோட மறுமுனையில கருப்பு ஸ்விவல் (நரம்பு முறுக்காம சுத்துற இணைப்பு வளையம்). பளபளன்னு இருக்குற பித்தளை ஸ்விவல் வேண்டாம், வஞ்சிரம் அதையே சின்ன மீன்னு நெனச்சு கடிச்சிடும், அதுக்கு மேல இருக்குறது வெறும் தங்கூசி, போச்சு. ஸ்விவலுக்கு மேல 80 பவுண்டு தடிச்ச தங்கூசி ஒன்னரை பாகம் (ஒரு பாகம் ஆறு அடி), அதுதான் மீன் போட் கிட்ட வந்ததும் கையால பிடிக்கிறதுக்கு. மீன் அடிக்கலன்னா வயரை மெலிசாக்கலாம், நீளத்தை கொறைக்கலாம், ஆனா சீலா கூட்டம் இருக்குற இடத்துல வயரே இல்லாம போட்டு பாக்குறது வீண் செலவு.

டிராக்: இந்த ஒன்னை மட்டும் கண்ணால பாத்து வைக்காதீங்க

ரீல்ல டிராக்னா என்னன்னா, மீன் ஒரு அளவுக்கு மேல இழுத்தா நரம்பை அறுந்து போக விடாம ரீல் தானா விட்டுக் குடுக்கும். பொதுவா சொல்ற கணக்கு, நரம்போட பலத்துல மூணுல ஒரு பங்கு. நம்ம செட்ல பலம் கொறைஞ்ச இடம் 40 பவுண்டு தங்கூசி, அது சுமார் 18 கிலோ, அதுல மூணுல ஒன்னு 6 கிலோ. ஆனா நான் 4 கிலோவுக்குத்தான் வைக்கிறேன், வஞ்சிரம் முதல் ஓட்டம் ரொம்ப வேகம், முப்பல்லு முள்ளு சின்னது, 6 கிலோவுல வெச்சா முள்ளு விரியும், இல்ல சதை கிழியும்.

4 கிலோன்னு எப்படித் தெரியும்? சூட்கேஸ் எடை பாக்குற கைத் தராசு இருக்கே, அது போதும். ராடை ஹோல்டர்ல சொருகி, நரம்பை வளையங்கள் வழியா விட்டு தராசு கொக்கியில கட்டி, ஒருத்தர் போட் பின்னாடி போய் நிதானமா இழுக்கணும், ரீல் விட ஆரம்பிக்கிற நேரத்துல தராசுல என்ன காட்டுதோ அதுதான் உங்க டிராக். ரீல் பக்கத்துல நரம்பை கையால இழுத்துப் பாத்து சரின்னு விடாதீங்க, வளைஞ்ச ராடோட உரசல் சேந்து கணக்கு மாறும். 4 கிலோ வந்த இடத்துல டிராக் சக்கரத்துல நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வையுங்க. வீட்டுல அக்கா கிட்ட கேட்டா குடுப்பாங்க.

இன்னொரு விஷயம் பலருக்கு தெரியாது. மீன் ஓடி ஓடி ரீல்ல நரம்பு கொறைய கொறைய, நீங்க தொடாமலே டிராக் கூடும். சுருளோட விட்டம் பாதியாச்சுன்னா அதே செட்டிங்ல இழுக்க ரெண்டு மடங்கு பலம் வேணும், 4 கிலோ வெச்சது 8 கிலோ ஆயிடும். அதோட நீளமா தண்ணில கிடக்குற நரம்போட இழுவை வேற. அதனால மீன் தூரமா ஓடினா டிராக்கை இறுக்காதீங்க, கொஞ்சம் தளர்த்துங்க. பதட்டத்துல எல்லாரும் இதுக்கு நேர்மாறா செய்றாங்க, நானும் செஞ்சிருக்கேன், நல்ல மீனெல்லாம் அப்படித்தான் போச்சு.

நரம்புல குறி

எது எங்க நிக்குதுங்கிற கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு. வீட்டு வாசல்ல இருந்து தெருவுல டேப் புடிச்சு அளந்து, ஒவ்வொரு ராடு நரம்புலயும் அதுக்குன்னு ஒரு தூரத்துல கலர் நூலால சின்னதா நாலஞ்சு சுத்து சுத்தி முடிச்சு போட்டு, மேல ஒரு சொட்டு பசை. கடல்ல அந்தக் குறி ராடு நுனியத் தாண்டினதும் நிறுத்திக்கலாம். குறி இல்லன்னா ஒவ்வொரு தடவையும் அந்தாஜுதான், ஒரு ராடுல மீன் அடிச்சா மறுபடி அதே இடத்துல போட முடியாது.

நான் வெச்சிருக்குற தூரம்: இடது உள் ராடு 25 மீட்டர், வலது உள் ராடு 18, இடது மூங்கில் 40, வலது மூங்கில் 50. ரெண்டு ஒரே தூரத்துல இருக்கவே கூடாது, திருப்பத்துல ஒன்னா சேரும்.

எதை எங்க போடறது

ஆழமா போறது கிட்டத்துல, மேல மேயறது தூரத்துல. இதை மட்டும் மாத்தாதீங்க. ஆழமா போற டைவரோட நரம்பு சரேல்னு கீழ எறங்கிடும், அதனால தூரத்துல இருந்து வர்ற மேல் நரம்பு அதுக்கு மேலயே போகும், சிக்காது. உல்டாவா போட்டா தூர நரம்பு கிட்ட நரம்பை குறுக்க வெட்டும்.

டைவர்னா முன்னாடி ஒரு நாக்கு நீட்டிட்டு இருக்குற பிளாஸ்டிக் மீன். ரபாலா எக்ஸ்ராப் மேக்னம் மாதிரி வாங்கினா 10, 20, 30னு நம்பர் இருக்கும், அது எத்தனை அடி எறங்கும்கிற கணக்கு. 30ன்னா அஞ்சு பாகம், 20ன்னா மூணு பாகத்துக்கு கொஞ்சம் கூட. ஆனா நரம்பு தடியா இருந்தாலோ ரொம்ப கிட்ட போட்டாலோ அந்த ஆழத்துக்குப் போகாது, மெலிசான நரம்பா இருந்து, கொஞ்சம் நீளமா விட்டாத்தான் போகும். அதனால 30ஐ 25 மீட்டர்லயும், 20ஐ 18 மீட்டர்லயும் போடறேன். தண்ணி எத்தனை பாகம்னு தெரியாம 30 போட்டா பார்ல (கடலடிப் பாறையில) மாட்டி தூண்டிலே போயிடும், கரை ஓரமா ஓடும்போது ஜாக்கிரதை.

மூங்கில் ரெண்டுலயும் மேலால ஓடுறது. ஒன்னுல இறகு இல்ல ரப்பர் பாவாடை கட்டுன தூண்டில், இன்னொன்னுல சின்ன டைவர் 10. நம்ம ஊர் சேவல் இறகை லேசா நெனைக்காதீங்க, தலைக்கு ஒரு ஈயக்குண்டு, அதுக்குப் பின்னாடி வெள்ளை இறகு கட்டி, நடுவுல பளபளன்னு ரெண்டு இழை ஜிகினா. சூரை கூட்டத்துக்கு இதை விட நல்லது எனக்குத் தெரியல.

முரல், வாளைத் துண்டு, மத்தி மாதிரி செத்த இரை இழுக்கணும்னா அது தனி ஆட்டம். வேகம் 2, 3 நாட்தான், அதாவது மணிக்கு சுமார் 4லேர்ந்து 6 கிலோமீட்டர். டைவரோட சேத்து அதையும் போட்டா ஒன்னு சரியா ஓடும், இன்னொன்னு பம்பரமா சுத்தும். அன்னிக்கு இரைன்னா நாலும் இரை, பிளாஸ்டிக்னா நாலும் பிளாஸ்டிக்.

கடல்ல இறக்குற வரிசை

முகத்துவாரத்தைத் தாண்டுற வரைக்கும் எல்லா ராடும் போட்டுக்குள்ள படுத்துத்தான் இருக்கணும், தூண்டில் கழட்டி டப்பால. பழையாறு பக்கம் கொள்ளிடம் வாயிலயும் பூம்புகார்ல காவிரி வாயிலயும் மணல் திட்டு எங்க வளந்திருக்குன்னு சொல்ல முடியாது, ஒரு அலை தூக்கிப் போட்டா முப்பல்லு முள்ளு யார் காலுல ஏறும்னு தெரியாது.

வெளிய வந்து அலை சீரானதும் போட்டை நேரா, மெதுவா விடச் சொல்லுங்க. முதல்ல 50 மீட்டர் ராடு, அப்புறம் 40, அப்புறம் 25, கடைசில 18. ஒவ்வொரு தூண்டிலையும் முதல்ல போட் ஓரமா ரெண்டு மீட்டர்ல விட்டு கண்ணால பாருங்க. நேரா நடுங்கிட்டே ஓடுதா, இல்ல ஒரு பக்கமா சாயுதா? இடது பக்கம் சாஞ்சா மூக்குல இருக்குற வளையத்தை பிளேயரால வலது பக்கம் ஒரு துளி மடக்குங்க, வலதுன்னா இடது. ஒரு துளிதான், அதிகம் மடக்கினா அப்படியே தலைகீழா சுத்தும். சரியா ஓடினப்புறம் ரீலைத் திறந்து விட்டு, கட்டை விரல் சுருள் மேலயே லேசா அழுத்தி இருக்கட்டும், விரலை எடுத்தா சுருள் நரம்பை விட வேகமா சுத்தி குருவிக்கூடு ஆயிடும். குறி வந்ததும் டிராக்கை நெயில் பாலிஷ் புள்ளிக்கு கொண்டு வந்து, கிர்ருன்னு சத்தம் போடுற கிளிக்கரை ஆன் பண்ணி, பாதுகாப்புக் கயிறை மாட்டி, அப்புறம்தான் அடுத்த ராடு.

நாலும் இறங்கினப்புறம் ராடு நுனியப் பாருங்க. டைவர் போட்ட ராடு நுனி ஒரே சீரா துடிக்கும். அந்தத் துடிப்பு நின்னா தூண்டில்ல ஏதோ மாட்டிருக்கு. ஐப்பசி கார்த்திகையில ஆத்துல வெள்ளம் வந்தா ஆகாயத்தாமரை கொத்து கொத்தா கடலுக்குள்ள வந்து மிதக்கும், பிளாஸ்டிக் பை வேற. ஒரு இலை மாட்டினாலும் மீன் அடிக்காது. துடிப்பு நின்னா யோசிக்காம சுத்தி எடுத்து சுத்தம் பண்ணுங்க.

வேகம்

டைவருக்கும் இறகுக்கும் 5லேர்ந்து 7 நாட், அதாவது மணிக்கு 9லேர்ந்து 13 கிலோமீட்டர். மொபைல் ஜிபிஎஸ்ல பாக்கலாம், ஆனா அது காட்டுறது தரைக்கு மேல போற வேகம், மீனுக்குத் தெரியறது தண்ணிக்குள்ள தூண்டில் போற வேகம். நீரோட்டத்தோட போகும்போது ஜிபிஎஸ் 6னு காட்டும், தூண்டில் 5ல கூட ஓடாது. எதிர்த்து போகும்போது தலைகீழா. அதனால ஒரு திசையில மட்டும் மீன் அடிக்குதுன்னா மீன் அந்த திசையப் பாத்து நிக்குதுன்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் வேகம்தான் காரணம். ராடு நுனி எவ்வளவு வளைஞ்சிருந்தப்போ அடிச்சுதுன்னு மனசுல வெச்சு அதே வளைவு வர்ற மாதிரி இன்ஜினை வையுங்க.

திருப்பம் அகலமா இருக்கணும், ஊர் குளத்தைச் சுத்துற மாதிரி. திரும்பும்போது உள்பக்க தூண்டில் மெதுவாகும், வெளிப்பக்கம் வேகமாகும். இதுலயும் ஒரு பாடம் இருக்கு, திருப்பத்துல வெளிப்பக்க ராடுல அடிச்சா நீங்க மெதுவா ஓட்டிட்டிருக்கீங்க, உள்பக்கத்துல அடிச்சா வேகமா ஓட்டுறீங்க.

எங்க ஓட்டணும்

ஆத்துத் தண்ணி கலங்கி செம்மண் நிறமா வந்து நீலத் தண்ணியோட சேர்ற கோடு கடல்ல தெளிவா தெரியும். அந்தக் கோட்டு மேலயே, தெளிஞ்ச பக்கமா ஓட்டுங்க, சின்ன மீன் கலங்கல்ல ஒளியும், பெரிய மீன் வெளிய காவல் நிக்கும். தை பொறந்து தண்ணி தெளிஞ்சப்புறம் பார் இருக்குற இடத்துக்கு மேல எட்டு போட்ட மாதிரி ஓட்டலாம். இடம் குறிக்க ஜிபிஎஸ் இருந்தாலும் கரை அடையாளமும் பழகிக்கோங்க, நாகூர் தர்கா பெரிய மினாரா, வேளாங்கண்ணி கோபுரம், தரங்கம்பாடி கோட்டை, ரெண்டு அடையாளம் ஒன்னுக்கு நேரா ஒன்னு வந்தா அதுதான் இடம், பேட்டரி தீர்ந்தாலும் இருக்கும். பறவை தண்ணில குத்துற இடத்துக்கு நடுவுல போட்டை விடாதீங்க, கூட்டம் கலைஞ்சிடும், ஓரமா வளைச்சு வந்து தூண்டில் மட்டும் கூட்டத்துக்குள்ள போற மாதிரி திருப்புங்க. ஹைதராபாத்துல இருக்குற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையம் தர்ற மீன் கிடைக்கிற இடத் தகவலையும் காத்து அலை எச்சரிக்கையையும் கிளம்புற முன்னாடி பாருங்க.

வலை போட்டிருக்குற இடத்துல மிதவை (போயா), கொடிக்கம்பு தெரிஞ்சா நல்லா விலகிப் போங்க. ஒரு டைவர் அடுத்தவன் வலையில ஏறினா வலையும் கிழியும், அது அவன் குடும்பத்துச் சோறு. வெளியூர்ல இருந்து வர்றவங்க முதல்ல அந்த ஊர் பஞ்சாயத்துல பேசிட்டு இறங்குங்க. கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் ஓட்டுறவங்க தென்கிழக்கா நீள நீளமா இழுத்துட்டு போகாதீங்க, 1974லயும் 1976லயும் இலங்கையோட போட்ட எல்லைக் கோடு அந்தப் பக்கம் இருக்கு, மீன் மேல கண்ணு இருக்கும்போது கோடு எப்போ தாண்டுச்சுன்னு தெரியாது. கரைக்கு இணையா வடக்கு தெற்காவே ஓட்டுங்க. கச்சான் காத்து கரையில இருந்து கடலுக்குத் தள்ளும், காலையில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குதேன்னு உள்ள போயிட்டா திரும்பும்போது எதிர்காத்துல டீசல் பத்தாது. 1554, கடலோரக் காவல்படை நம்பர், போன்ல மட்டும் இல்லாம போட் உள்பக்கம் பெயிண்ட்ல எழுதி வையுங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அது விசைப்படகுக்குத்தான்னாலும் உங்க போட்டுக்கு என்ன விதின்னு மீன்வளத்துறை ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

அடிச்சுதுன்னா

ரீல் கிர்ருன்னு கத்தும். உடனே இன்ஜினை அணைக்காதீங்க, அஞ்சாறு விநாடி அதே வேகத்துல ஓடட்டும், முள்ளு நல்லா ஏறும், கூட்டமா இருந்தா இன்னொரு ராடும் கத்தும். அப்புறம் வேகத்தைக் கொறைச்சு, ஆனா நிறுத்தாம, மத்தவங்க மீதி ராடை எடுக்கணும், மீன் இருக்குற பக்கத்து ராடு முதல்ல. நரம்பு ஒரு நொடி தொய்ஞ்சாலும் வஞ்சிரம் தலையை ஆட்டி முள்ளை உதறிடும்.

லாங் டெயில்ல பெரும்பாலும் ரிவர்ஸ் கிடையாது, மீனை நோக்கி பின்னாடி போக முடியாது. அதனால நரம்பு வேகமா தீருதுன்னா போட்டை மீன் ஓடுற பக்கமா அகலமா வளைச்சு, மீன் எப்பவும் உங்க பக்கவாட்டுல, கொஞ்சம் பின்னாடி இருக்குற மாதிரி வெச்சுக்கோங்க. லாங் டெயில்ல ஒரு நல்லதும் இருக்கு, மீன் போட் கிட்ட வந்ததும் தண்டைத் தூக்கி விசிறிய தண்ணிக்கு வெளிய எடுத்துடலாம், நரம்பு மாட்டுற பயமே இல்ல. ராடை மெதுவா மேல தூக்கு, எறக்கும்போது சுத்து, தூக்கு, எறக்கும்போது சுத்து. டிராக் விட்டுட்டு இருக்கும்போது சுத்தாதீங்க, ஸ்பின்னிங் ரீல்ல நரம்பு முறுக்கிக்கும்.

தடிச்ச தங்கூசி கைக்கு வந்ததும் ஒருத்தர் கையுறை போட்டு பிடிக்கணும், கையில சுத்திக்கவே கூடாது, மீன் கடைசியா ஒரு ஓட்டம் ஓடும், விரலோட போயிடும். இன்னொருத்தர் கொக்கிக் கம்பை நரம்புக்குப் பின்னாடி இருந்து போடணும், முன்னாடி இருந்து போட்டா கம்பே நரம்பைத் தட்டி மீனை விடுவிச்சிடும். போட்டுக்குள்ள வந்ததும் தலையில ஒரு அடி, செவுளை வெட்டி ரத்தம் வடிய விட்டு ஐஸும் கடல் தண்ணியும் கலந்த பெட்டில போடுங்க. முள்ளைக் கழட்ட விரலை விடாதீங்க, செத்த வஞ்சிரத்தோட பல்லும் வெட்டும், நீள பிளேயர் வேணும். ஆமை மாட்டினா போட் ஓரத்துலயே வெச்சு முள்ளைக் கழட்டி விட்டுடுங்க, கழட்ட வரலைன்னா நரம்பை முள்ளுக்கு ஒட்டி வெட்டிடுங்க, நம்ம கரைக்கு முட்டை போட வர்ற ஜீவன் அது.

மீனை ஏத்தினதும் முதல் வேலை, வயரையும் அதுக்கு மேல ஒரு பாகம் நரம்பையும் விரலால தடவிப் பாக்குறது. சொரசொரன்னு இருந்தா அங்கயே வெட்டி புதுசா கட்டுங்க. வயர் மடங்கி நெளிஞ்சிருந்தா நிமித்தாதீங்க, மாத்துங்க, நெளிஞ்ச இடத்துலதான் அடுத்தது ஒடியும். அடிச்ச ராடு எது, எத்தனை மீட்டர், எந்த தூண்டில், என்ன வேகம், ஒரு சின்ன நோட்டுல எழுதிட்டு, அதே ராடை அதே குறிக்கு விடுங்க.

கரைக்கு வந்ததும்

டிராக்கை முழுசா தளர்த்துங்க, இறுக்கமாவே விட்டா உள்ள இருக்குற வாஷர் அமுங்கி அடுத்த தடவை விக்கி விக்கி விடும். ரீலை நல்ல தண்ணில மெதுவா கழுவுங்க, பீச்சி அடிச்சா உப்புத் தண்ணி உள்ள போகும். தூண்டில் முள்ளை நகத்து மேல லேசா இழுத்துப் பாருங்க, கோடு விழுந்தா கூர் இருக்கு, வழுக்கினா தீட்டுங்க. மூங்கிலை நிழல்ல படுக்க வையுங்க, செவுத்துல சாச்சு வெச்சா வளைஞ்சிடும். அடுத்த தடவை கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயந்திரம் மறுபடி தராசு, மறுபடி 4 கிலோ, நெயில் பாலிஷ் புள்ளி அங்கயே இருக்கான்னு பாத்துட்டு படுங்க.